ஒட்டிக்கொண்ட ஆறு கட்டை: பினாங்கில் ஒரு பழைய ஆர்கனும் ஒரு பக்க இசைக்குறிப்பும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாடல் முடிந்தது, ஆர்கன் முடியவில்லை. விசைகளிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டேன். ஆனாலும் ஒரு ஸ்வரம் மட்டும் மாடத்திலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. பங்குத்தந்தை பீடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தார். பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்ற அக்கா என்னை முறைத்தார். எந்த வரிசைக் குழாய்களுக்குக் காற்று போக வேண்டும் என்று தீர்மானிக்கும் ஸ்டாப் குமிழ்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். கடைசிக் குமிழும் உள்ளே போன பிறகுதான் ஓசை அடங்கியது. மீதித் திருப்பலியை மின்விசைப்பலகை ஒன்றை வைத்து ஒப்பேற்றினேன்.

பூசை முடிந்து எல்லாரும் கீழே நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நான் மாடத்திலேயே இருந்தேன். எது ஒட்டிக்கொண்டது என்று பார்க்க ஒரு குமிழை மட்டும் மறுபடி இழுத்தேன். அதே ஸ்வரம். மேற்கத்தியக் கணக்கில் ஏ. சுருதியைக் கட்டை என்று எண்ணும் நம் கணக்கில் ஆறு கட்டை. நொடிக்கு 220 அதிர்வு, பெண்கள் பாடும்போது தம்புராவில் வைத்துக்கொள்ளும் சுருதிக்கு மிக அருகில். விசையைத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. இது எவ்வளவு தூரம் சுருதி விலகியிருக்கிறது என்று ஒப்பிட, மேல் விசைப்பலகையில் ஓபோ ஸ்டாப்பை இழுத்து அதே ஆறு கட்டையை அழுத்தினேன்.

இரண்டும் சேரவில்லை. சேராமல் நொடிக்கு ஒரு தடவை உப்பி உப்பி வடிந்தன. மணி பதினொன்று. பசியை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணிக்கு நொடிக்கு இரண்டு தடவை ஆகியிருந்தது. நான் எதையும் தொடவில்லை.

ஓர் ஆண்டு கழித்து அதே மாடத்தில் நாற்பது நிமிட இசைப்படைப்பு ஒன்று ஒரே நாளில் மூன்று முறை ஒலித்தது. அது எப்படி உருவானது, எங்கே சறுக்கியது என்பதை இங்கே எழுதுகிறேன். கோலாலம்பூரில் இசை படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியது பாராட்டுரை இல்லை, எந்த இடத்தில் என்ன முடிவெடுத்தேன், ஏன் எடுத்தேன் என்ற கணக்கு. ஆகவே சறுக்கிய இடங்களில் சற்று அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

எந்த ஆர்கன்

ஆலயத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று பங்குத்தந்தை கேட்டுக்கொண்டார். பழுதான கருவியைப் பற்றிப் பேசப்போகிறோம், அது நியாயம்தான். ஜார்ஜ்டவுனின் பழைய பகுதியில் இருக்கிறது என்பது போதும். பினாங்கு ஆர்கன் என்றதும் பலருக்கு லெபு ஃபார்குவாரில் உள்ள அசம்ப்ஷன் ஆலயத்தில் 1916இல் மார்ட்டன் அண்ட் மூடி நிறுவனம் கட்டிய ஆர்கன் நினைவுக்கு வரும். கோலாலம்பூர்க்காரர்கள் மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் செயின்ட் மேரி பேராலயத்தையும் அங்கே 1895இல் ஹென்றி வில்லிஸ் கட்டிய ஆர்கனையும் சொல்வார்கள். பெட்ரோனாஸ் கோபுரங்களின் அடியில் 1998இல் திறந்த அரங்கில் ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனத்தின் பெரிய ஆர்கன் இருக்கிறது. நான் சொல்வது இவை எதுவும் இல்லை. இரண்டு விசைப்பலகை, ஒரு கால்மிதி வரிசை, ஒன்பது ஸ்டாப், அவற்றில் உருப்படியாக ஏழு. விசைக்கும் குழாய்க்கும் நடுவே மின்சாரம் கிடையாது. மெல்லிய மரக்குச்சிகள் இழுத்து அடைப்பானைத் திறக்கின்றன. காற்றுக்கு மட்டும் பின்னாளில் மோட்டார் வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் பழைய கைப்பிடி இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் ஓர் ஆள் நின்று அதை ஏற்றி இறக்கித் துருத்திக்குக் காற்று ஊட்டியிருக்கிறார். அந்தக் கைப்பிடியைக் கவனியுங்கள், பிறகு வரும்.

இதன் உள்ளே இரண்டு ஜாதிக் குழாய்கள். ஒன்று புல்லாங்குழல் ஜாதி: வாயில் காற்று மோதி, குழாய்க்குள் இருக்கும் காற்றுத்தண்டு அதிர்கிறது. மற்றது நாக்கு ஜாதி: நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படி, ஆனால் நாணலுக்குப் பதிலாக ஒரு பித்தளை நாக்கு. ஓபோ என்ற ஸ்டாப் இந்த இரண்டாம் ஜாதி. எனக்கு அன்று கேட்டதன் ரகசியம் முழுவதும் இந்த ஜாதி வேறுபாட்டில் இருந்தது.

விம்மல்

காற்று சூடானால் அதில் ஒலி வேகமாகப் போகும். குழல் குழாயின் நீளம் மாறாது. உள்ளே ஒலி வேகமாக ஓடுவதால் சுருதி ஏறும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ மூன்று சென்ட், அதாவது ஓர் அரைஸ்வரத்தின் நூறில் மூன்று பங்கு. பித்தளை நாக்கோ தன் தடிமனுக்கும் நீளத்துக்கும்தான் அதிகம் கட்டுப்பட்டது. வெயிலுக்குக் கிட்டத்தட்ட அசையாது. எங்கள் ஆர்கனைக் கடைசியாகச் சுருதி கூட்டியவர் விடியற்காலையில் வேலை செய்திருக்கிறார். ஆகவே காலை 26 டிகிரியில் இரண்டு ஜாதியும் ஒன்றாக நிற்கும். வெயில் ஏற ஏற குழல் மட்டும் மேலே போகும், நாக்கு நின்ற இடத்திலேயே நிற்கும்.

இரண்டு சுருதிகள் மிக அருகில் இருந்து ஒன்றாகாமல் போனால் அவற்றின் வேறுபாடு ஒரு துடிப்பாகக் கேட்கும். நான் படித்தது மலாயிலும் ஆங்கிலத்திலும். அதனால் இதற்குத் தமிழில் பெயர் உண்டா என்று தெரியாமல் இருந்தேன். தமிழ்நாட்டு மேல்நிலைப் பௌதிகப் பாடநூலைப் புரட்டியபோது கிடைத்தது: விம்மல். யார் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாரோ, அவருக்குக் காதும் இருந்திருக்கிறது, மனமும் இருந்திருக்கிறது.

கணக்கு எளிது. 220 அதிர்வில் ஒரு டிகிரிக்கு 0.37 வேறுபாடு. மூன்று டிகிரி ஏறினால் நொடிக்கு ஒரு விம்மல். ஆறு டிகிரி ஏறி 32 ஆனால் இரண்டுக்குச் சற்று மேல். நான் அந்த ஞாயிறு கேட்டது இதைத்தான். இப்போது அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் அதிர்வு இரட்டிக்கும், விம்மலும் இரட்டிக்கும்: நான்குக்குச் சற்று மேல். இன்னொரு ஸ்தாயி மேலே போனால் ஏறத்தாழ ஒன்பது. ஒன்று, இரண்டு, நான்கு என்ற இந்த விகிதத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். சின்ன வயதில் பட்டர்வொர்த்தில் பாட்டு வாத்தியார் தொடையில் தட்டவைத்து வதைத்த அதே மூன்று காலங்கள். தாளம் போட ஆள் இல்லாமல் வெயிலே போட்டுக்கொண்டிருந்தது.

கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஆர்கன் அதற்கு அடங்குவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேல் ஸ்தாயி ஓபோக் குழாய் எப்போதும் ஒரு முடி அளவு தாழ்ந்தே பேசும். மாடத்தின் ஒரு மூலையில் சுவர் மின்விசிறி ஓடினால் அந்தப் பக்கத்துக் குழாய்கள் மட்டும் குளிர்ந்து தனிக்கட்சி சேர்க்கும்.

ஒத்து

மினிமலிச இசை என்று உலகம் சொல்வது, மிகக் குறைந்த பொருளை எடுத்துக்கொண்டு அதையே நெடுநேரம் வைத்திருப்பது அல்லது சிறிது சிறிதாக மாற்றுவது. அமெரிக்காவின் லா மான்ட் யங் 1960இல் எழுதிய ஒரு படைப்பில் இரண்டே ஸ்வரங்கள், நீண்ட நேரம் பிடிக்க வேண்டும் என்று ஒரே குறிப்பு. அந்த இரண்டு ஸ்வரங்களும் ஷட்ஜமும் பஞ்சமமும். பழந்தமிழில் சொன்னால் குரலும் இளியும். நம் ஊர்த் தம்புராக்காரர் இதைக் கேட்டால், "இதற்கா தம்பி இவ்வளவு பேச்சு?" என்பார். யங்கும் அவர் நண்பர் டெர்ரி ரைலியும் 1970இல் இந்துஸ்தானிப் பாடகர் பிராண் நாத்திடம் சீடர்களாகச் சேர்ந்ததைப் பார்த்தால், தம்புராக்காரரின் சிரிப்பு அவர்களுக்கும் கேட்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

ஆர்கனில் இந்த வகை இசைக்கு ஒரு காரணத்தோடுதான் இடம் கிடைத்தது. பியானோவில் தட்டிய ஸ்வரம் அப்போதே சாகத் தொடங்கும். வயலினில் வில் திரும்ப வேண்டும். பாட்டுக்காரருக்கு மூச்சு முட்டும். ஆர்கனில் விசையின் மேல் ஒரு கனத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் நகரில் உண்மையாகவே அப்படித்தான் நடக்கிறது. இயன்றவரை மெதுவாக வாசிக்கச் சொல்லி ஜான் கேஜ் எழுதிய படைப்பை 639 ஆண்டுக்கு நீட்டி, 2001இல் தொடங்கியிருக்கிறார்கள். மணல்பைகள் விசைகளைப் பிடித்திருக்கின்றன. முதல் ஓசையே 2003இல்தான் வந்தது. 2024 பிப்ரவரியில் ஒரு ஸ்வரம் கூடியதற்கு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் போனார்கள். முடிவது 2640இல்.

ஆனால் எனக்கு முன்மாதிரி அங்கே இல்லை. மேளக்கச்சேரியில் நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நின்று ஒரே சுருதியை விடாமல் ஊதும் ஒத்துக்காரரைப் பார்த்திருப்பீர்கள். இப்போது பெரும்பாலும் அவர் இடத்தில் ஒரு மின்சுருதிப் பெட்டி இருக்கிறது. மூக்கால் இழுத்து, கன்னத்தில் தேக்கி, வாயால் விட்டுக்கொண்டே இருப்பார். கூலி குறைவு, பெயர் கிடையாது. போதாக்குறைக்குத் தமிழ் அவர் தொழிலை வைத்து ஒரு வசைச்சொல்லும் செய்து வைத்திருக்கிறது. 'ஒத்து ஊதுகிறான்' என்றால் சுயபுத்தி இல்லாதவன். அந்த ஒத்தை மட்டும் வைத்து, நாதஸ்வரமே இல்லாமல், ஒரு கச்சேரி செய்தால் என்ன? என் கேள்வி அவ்வளவுதான்.

முப்பத்தெட்டுப் பக்கத் தோல்வி

கேள்வி எளிது, நான் எழுதியதோ எளிதாக இல்லை. முதல் வடிவத்துக்கு மாத்திரையைப் பிடித்துக்கொண்டேன். கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்பது தொல்காப்பியத்தின் அளவை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, அளபெடைக்கு மூன்று. ஒரு மாத்திரைக்கு நான்கு நொடி என்று வைத்து, சில சொற்களை எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு ஸ்வர நீளம் கொடுத்தேன். ஏழு ஸ்டாப்புகளும் ஏழு வரிசை. அச்செடுத்தபோது முப்பத்தெட்டுப் பக்கம் வந்தது. பெருமையாக இருந்தது. இரண்டு வாரம் எல்லாருக்கும் காட்டினேன்.

ஒத்திகையில் பத்து நிமிடத்துக்குள் எனக்கே புரிந்துவிட்டது. கணக்கு கேட்டது, ஆர்கன் கேட்கவில்லை. ஒரு விம்மல் காதில் பிடிபட இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். முதலில் கலங்கலாக இருக்கும். பிறகு துடிப்பு தெரியும். பிறகு அந்தத் துடிப்புக்குள் இன்னொரு மெல்லிய ஓசை மேலே மிதப்பது கேட்கும். என் அளபெடையோ பன்னிரண்டு நொடியில் முடிந்துவிட்டது. காது வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் விருந்து முடிந்தது போல.

கீழே பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட, ஆலயப் பணிகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை அண்ணன் நாகரிகமானவர். "நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் எதையோ தேடிக்கொண்டே இருக்கிறீர்கள்" என்றார். அந்த வாக்கியத்தை இன்றும் என் மேசை மேல் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

இளைய இசைஞர்களுக்கு இந்த இடம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். மாத்திரைக் கணக்கு தவறான யோசனை இல்லை. பாட்டுக்கோ பியானோவுக்கோ அது பலித்திருக்கலாம். ஆனால் கருவிக்குள் ஏற்கெனவே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் என் கணக்கை ஏற்றி வைத்து இரண்டையும் கெடுத்தேன். தமிழ் இலக்கணத்தைக் கொண்டுவந்தால் இசை தமிழாகிவிடும் என்ற ஓர் ஆசையும் அதில் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

துருத்தி

இரண்டாம் வடிவத்தில் ஸ்வரங்களைக் குறைத்தேன், நேரத்தைக் கூட்டினேன். விம்மல் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் ஏதோ செத்துக் கிடந்தது. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பரிசோதனை பார்ப்பது போல இருந்தது. காரணம் தெரியாமல் ஒரு மாதம் ஓடியது.

காரணத்தைச் சொன்னவர் ஓர் ஒத்துக்காரர். தஞ்சைப் பக்கத்திலிருந்து இளவயதில் கோயில் சேவகத்துக்கு வந்து பினாங்கிலேயே தங்கிவிட்டவர். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. கிறிஸ்தவக் கோவிலுக்குள் வருவதில் அவருக்கும் தயக்கம் இல்லை, அவரை மாடத்தில் ஏற்றுவதில் பங்குத்தந்தைக்கும் தயக்கம் இல்லை, முழங்கால்தான் தயங்கியது. பத்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார்.

"இது மூச்சு விடவே இல்லையே தம்பி" என்றார்.

"ஒத்தும் விடாமல் ஊதுவதுதானே ஐயா?"

"விடாமல் ஊதுவது வேறு, மூச்சே இல்லாமல் இருப்பது வேறு. நான் ஊதும்போது கன்னத்திலிருந்து நெஞ்சுக்கு மாறுகிற இடம் எனக்குத் தெரியும், நாதஸ்வரக்காரருக்கும் தெரியும். கேட்பவருக்குத் தெரியாது, ஆனால் அவருக்கும் ஏதோ பட்டுக்கொண்டே இருக்கும். இது மின்விசிறிச் சத்தம்."

பிறகு பக்கவாட்டில் இருந்த கைப்பிடியைப் பார்த்து அது என்னவென்று கேட்டார். சொன்னேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய் அதைப் பிடித்தார். துருத்தியில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்ட ஒரு நூலில் சின்ன ஈயக்குண்டு தொங்கும். காற்று நிறையும்போது அது ஒரு பக்கம் போகும், குறையும்போது மறுபக்கம். ஐந்து நிமிடத்தில் அதன் போக்கு அவருக்குப் பிடிபட்டுவிட்டது. நான் ஆறு கட்டையைப் பிடித்தேன்.

துருத்தி நன்றாகச் செய்த பொருள்தான். கைமூச்சின் ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் தனக்குள் விழுங்கிவிடும். பெரும்பாலும்தான். ஒவ்வோர் அழுத்தத்திலும் ஓசையின் முதுகில் ஒரு மெல்லிய சிலிர்ப்பு ஓடியது. காற்று தாழ்ந்தபோது குழலும் நாக்கும் ஒரே அளவில் இறங்கவில்லை. விம்மல் சற்று நின்று, பிறகு வேறு வேகத்தில் தொடர்ந்தது. அவர் வேண்டுமென்றே ஒரு முறை குண்டை எல்லைவரை இறங்கவிட்டு மறுபடி ஏற்றினார். எனக்கு முதுகெலும்பு கூசியது.

அன்றிலிருந்து இது இரண்டு பேருக்கான படைப்பு: ஒருவர் விசைக்கு, ஒருவர் துருத்திக்கு.

ஆர்கன் பழுதுபார்ப்பவருக்கு இந்த யோசனை பிடித்தது. மோட்டாரை நம்புவதைவிடக் கையை நம்புவது நல்லது என்றார். மற்றபடி அவர் போட்ட நிபந்தனைகள் கறாரானவை. யானைத்தந்த விசைகளில் ஒட்டுநாடா கூடாது. விசையைப் பிடித்துவைக்க உலோகம் கூடாது, ஆப்பு அடிக்கக் கூடாது. ஸ்டாப் குமிழைப் பாதி மட்டும் இழுத்துக் காற்றைப் பட்டினி போட்டு ஓசையைக் கோணலாக்குவது இந்த வகை இசையில் பழகிய தந்திரம். நானும் ஆசைப்பட்டேன். ஈரத்தில் உப்பிய பலகை பாதியில் மாட்டிக்கொண்டால் யார் கழற்றுவது என்று கேட்டார். விட்டுவிட்டேன். 1962இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் இசையமைப்பாளர் லிகெட்டியின் ஆர்கன் படைப்பு ஒன்றை ஒத்திகை பார்த்தபோது ஆர்கனின் மின்னமைப்பில் தீப்பிடித்த கதையையும் அவர்தான் நினைவூட்டினார். சோதனை இசை எழுதுகிறவர்கள் பழைய கருவியைச் சோதனை எலியாக நினைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் செத்த பிறகும் அது ஞாயிறு பூசைக்குப் பாட வேண்டும்.

உலோகத்துக்குப் பதிலாக, லெபு பசாரில் பச்சைப்பயறு வாங்கி, பாடகர் குழு அக்காவிடம் சிறு துணிப்பைகள் தைத்து வாங்கினேன். முறைத்தவரே தைத்துக் கொடுத்தார். விசையின் மேல் பூனைக்குட்டி படுத்ததைப் போல உட்கார்ந்துகொள்ளும், கீறல் விழாது.

அனுமதி

பங்குத்தந்தையின் கவலை வேறு. ஆலயத்தில் கச்சேரி நடத்துவது பற்றி வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் 1987இல் ஒரு மடல் வெளியிட்டிருக்கிறது. இசை ஆலயத்தின் தன்மைக்கு ஒத்ததாக இருக்க வேண்டும், நுழைவுக் கட்டணம் கூடாது என்பவை அதில் உள்ளவை. கட்டணம் எங்கள் யாருக்கும் கனவில்கூட வரவில்லை. சொல்லே இல்லாத ஒற்றை ஸ்வரம் புனித இசையா என்பதுதான் கேள்வி. ஒத்திகைக்கு வந்து கால்மணி நேரம் உட்கார்ந்தார். தொடங்கும் முன் 150ஆம் திருப்பாடலை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள் என்று மட்டும் சொன்னார். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஆர்கன்' என்று வரும் இடத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'தீங்குழல்' என்று இருக்கும் திருப்பாடல் அது. எங்கள் ஆர்கனை அதற்குப் பிறகு கோவில்பிள்ளை அண்ணன் தீங்குழல் என்றே அழைக்கிறார், கிண்டலாகத்தான்.

ஒரு பக்கம்

இறுதி இசைக்குறிப்பு ஒரு பக்கம். அதில் ஐந்துகோடு இல்லை. கடிதம் போல எழுதப்பட்ட ஏழு வாக்கியங்கள். முதலில் கீழ் விசைப்பலகையில் குழல் ஸ்டாப் ஒன்றில் நடு ஆறு கட்டை, தனியாக, அறை அதற்குப் பழகும்வரை. பிறகு மேல் விசைப்பலகையில் ஓபோவில் அதே ஸ்வரம். பிறகு மேல் ஸ்தாயி, இரண்டிலும். பிறகு அதற்கும் மேல். மூன்று காலங்களும் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடும்போது இருபது நிமிடம் ஆகியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் பஞ்சமம் ஒன்று வருகிறது. ஆர்கனின் பஞ்சமம் சமக்கூறுச் சுருதியில், அதாவது ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்த சுருதியில், இருப்பதால் தம்புராவின் பஞ்சமத்தைவிட இரண்டு சென்ட் தாழ்வு. வெயில் இல்லாவிட்டாலும் அதற்கென்று ஒரு சோம்பலான விம்மல் உண்டு. மற்ற மூன்றும் பொழுதுக்குப் பொழுது மாறும்போது அதன் வேகம் ஏறத்தாழ அப்படியே நிற்கும் என்பதால்தான் அதைச் சேர்த்தேன்.

பிறகு வந்த வழியே திரும்புதல். கடைசியில் நடு ஆறு கட்டை மட்டும் மிஞ்சும்போது துருத்திக்காரர் கையை எடுத்துவிடுவார். காற்று வடிய வடிய ஓசை தாழ்ந்து, கரகரத்து, பெருமூச்சாகி நிற்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் 1980இலேயே ஒரு படைப்பின் தொடக்கத்தில் ஆர்கன் மோட்டாரை நிறுத்திக் காற்றை வடியவிட்டிருக்கிறார். அங்கே மோட்டார், இங்கே மனிதர்.

முப்பத்தெட்டுப் பக்கத்தில் மிஞ்சியது ஒரே சொல்: ஒவ்வொரு ஸ்வரத்தையும் 'அளபெடுக்க' வேண்டும் என்ற குறிப்பு. எத்தனை மாத்திரை என்று எழுதவில்லை.

ஒரே நாளில் மூன்று முறை வாசிப்பது என்று முடிவு செய்தேன். காலை ஏழு, பிற்பகல், இரவு ஒன்பது. குறிப்பு ஒன்றே, விசைகள் ஒன்றே. வெப்பம் மட்டும் வேறு. பிற்பகல் முதலில் ஒரு மணி என்று வைத்திருந்தேன். ஒன்றேகாலை ஒட்டி மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் பக்கமிருந்து பாங்கு வரும். அதன் மேல் இதை ஒலிக்கவிடுவது மரியாதை இல்லை, அதோடு மூன்று மணிக்குத்தான் வெயிலும் முற்றும். மூன்றாக்கினேன்.

அந்தச் சனிக்கிழமை

காலையில் பதினோரு பேர். மாடத்து வெப்பமானி 26.5. இரண்டு ஜாதியும் ஒன்றாக நின்றன. ஓபோ சேர்ந்ததே தெரியாமல் சேர்ந்து, ஓசையின் நிறம் மட்டும் மாறியது. விம்மல் என்று சொல்ல ஏதும் இல்லை. ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை ஒரு சாய்வு. துருத்தியின் மூச்சு மட்டும் முழுதாகக் கேட்டது. வெளியே காகமும் மோட்டார்சைக்கிளும். எனக்கு மூன்றிலும் இதுதான் பிடித்தது, ஆனால் பதினோரு பேரில் இருவர் தூங்கிவிட்டார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு நாற்பது பேருக்கு மேல். 32 டிகிரி. முதல் காலம் நொடிக்கு இரண்டு, நான் எதிர்பார்த்தபடி. இரண்டாம் காலம் சேர்ந்ததும் கீழே சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். மூன்றாம் காலம் சேரும் நேரத்தில் வானம் இருண்டு, பினாங்கு மழை கொட்டியது.

மழைச்சத்தம் மேல் ஸ்தாயியை முழுவதுமாக விழுங்கியது. பஞ்சமம் வந்ததே யாருக்கும் தெரியாது. வாசிப்பை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். ஒத்துக்காரர் கைப்பிடியை விடவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். கதவுகள் திறந்திருந்தன. குளிர்காற்று உள்ளே புகுந்தது. இருபது நிமிடத்தில் வெப்பமானி இரண்டு டிகிரி இறங்கியது. மழை சற்று விட்டபோது எல்லாருக்கும் கேட்டது: விம்மல் மெதுவாகிக்கொண்டிருந்தது. நான்கு, மூன்றரை, மூன்று. எந்தக் கையும் செய்யாத விளம்பம். இசைக்குறிப்பில் இல்லாத இந்த இறக்கம்தான் அன்றைய நாளின் சிறந்த பகுதி என்று கேட்ட பலரும் சொன்னார்கள். எழுதியவனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அதையும் பதிவு செய்கிறேன்.

வருத்தத்துக்கு மேல் ஒரு தொழில்முறைக் குறையும் உண்டு. மழையில்லாவிட்டாலும் மூன்றாம் காலத்தின் ஒன்பது விம்மல் ஒரு தாளமாகக் கேட்டிருக்காது. அந்த வேகத்தில் காது எண்ணுவதை விட்டுவிடுகிறது, கரகரப்பாகத்தான் கேட்கும். காகிதத்தில் ஒன்று, இரண்டு, நான்கு என்று இருந்த அழகு கடும் வெயிலில் ஒன்று, இரண்டு, இரைச்சல் ஆகிவிடுகிறது. ஒரு ஸ்தாயி கீழே தொடங்கியிருந்தால் பிழைத்திருக்கும். ஆனால் எங்கள் ஓபோவின் அடிக்குழாய்கள் பேசுவதில்லை. ஒன்றைத் திறந்தபோது உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது.

இரவு ஒன்பது மணி வாசிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 29 டிகிரி, நொடிக்கு ஒன்று. மழைக்குப் பின் ஈரம் ஏறியதால் இரண்டு விசைகள் மந்தமாகிவிட்டன. பயறுப்பையை எடுத்தும் ஒன்று எழ மறுத்தது. கடைசி எட்டு நிமிடம் நான் திட்டமிடாத ஒரு ஸ்வரம் கூடவே ஒலித்தது. முதல் ஞாயிறு என்னை மிரட்டிய அதே வகைப் பழுது, அதை இப்போது நிகழ்ச்சியின் பகுதி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. துருத்தியில் அப்போது கோவில்பிள்ளை அண்ணன். ஒத்துக்காரர் இரண்டு முறைக்கு மேல் முடியாது என்று கீழே வந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணன் அவசரப்படுகிறார்" என்பது அவர் விமர்சனம். பாடகர் குழு அக்காவின் விமர்சனம் இதைவிடச் சுருக்கம்: "பழுதைச் சரி பார்க்கச் சொன்னால், அதற்குத் திருவிழா எடுத்திருக்கிறீர்கள்."

பிறகு

பழுது இப்போது சரிசெய்யப்பட்டுவிட்டது. விசைக்கு வழிகாட்டும் மரத்துளை ஈரத்தில் உப்பியிருந்தது. பழுதுபார்ப்பவர் அதை ஒரு நூலிழை அகலப்படுத்தினார். குளவிக்கூட்டையும் எடுத்தார். அடி ஓபோக் குழாய்களில் மூன்று பேசுகின்றன. வந்த கையோடு ஓபோ முழுவதையும் குழல் குழாய்களுக்குச் சுருதி கூட்டிவிட்டும் போனார். நாக்குக் குழாய்களை அப்படி அவ்வப்போது கூட்டுவதுதான் முறை. அவர் வேலை பார்த்த நேரம் காலை பத்தரை. மாடத்தில் 29 டிகிரி.

ஆகவே இனி இந்த ஆர்கன் ஒன்றாக நிற்கும் நேரம் காலை ஏழு இல்லை. விடியற்காலையில் குழல் தாழ்ந்து விம்மும், பத்தரைக்கு அடங்கும், மூன்று மணிக்கு மறுபக்கம் ஏறி மறுபடி விம்மும். இசைக்குறிப்பின் முதல் வாக்கியத்தில் 'காலை ஏழு மணி' என்பதை அடித்துவிட்டு, 'கடைசியாகச் சுருதி கூட்டியவரிடம் நேரம் கேட்டுக்கொள்ளவும்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.